இன்ஜின் மாற்றிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பழைய பார்ட்ஸ் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் அலைந்து திரிந்து காருக்குப் பழைய பெட்ரோல் இன்ஜின் ஒன்றை வாங்கி, இரண்டு நாள் முதுகு ஒடிய இறக்கி ஏற்றி, கடைசியில் சாவியைத் திருப்பினால் வண்டி அசையவே இல்லை. உடனே "டப்பா இன்ஜினைத் தலையில் கட்டிவிட்டான்" என்றுதான் தோன்றும். வாங்கும்போது ஓட்டிக் காட்டிய இன்ஜின் என்றால் அதன் மேல் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கை பட்ட இடங்களை: கழற்றிய வயர், கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்), ஹோஸ்.

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்று பொதுவாகச் சொல்வதே முதல் தவறு. செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறதா, நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா, பிடித்த உடனே அணைந்துவிடுகிறதா? மூன்றும் வெவ்வேறு பிரச்சினைகள், தேட வேண்டிய இடமும் வேறு.

'டக்' சத்தம் மட்டும் என்றால் பேட்டரியைப் பாருங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் தெம்பு இல்லை. பேட்டரி சரியாக இருந்தால் அடுத்தது எர்த் வயர். இதை மறக்காதவர்கள் குறைவு. இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல், ரப்பரில் கரண்ட் போகாது, அதனால்தான் பாடியிலிருந்தோ பேட்டரி நெகட்டிவிலிருந்தோ இன்ஜினுக்கு ஒரு தடித்த வயர் வருகிறது. ஒருமுறை நான் அதை மாட்ட மறந்து, பேட்டரியை மாற்றி, செல்ஃப் மோட்டாரையும் கழற்றிப் பார்த்து அரை நாளைத் தொலைத்தேன். ஆக்சிலரேட்டர் கேபிளில் புகை வந்தபோதுதான் புத்தி வந்தது. திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகப் பாய்ந்திருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லையா, நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு ஒரு ஜம்பர் கேபிளைப் போட்டுப் பாருங்கள், செல்ஃப் துள்ளிக்கொண்டு சுற்றினால் விஷயம் அதுதான். வயரை மாட்டுகிற இடத்தில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. இங்கே எல்லோரும் செய்யும் தவறு, பிடித்தே தீரும் என்று நிமிடக்கணக்கில் செல்ஃப் அடிப்பது. ஒரு தடவைக்கு 10 நொடி போதும், அப்புறம் ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் சூடாகிக் கெடும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று இசைந்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியிருந்தால் இன்னும் கவனம்: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் சாவியைத் தொடவே கூடாது. எங்காவது இடித்தால் நிறுத்திவிடுங்கள், பலத்தைக் காட்டினால் வால்வு வளையும்.

அடுத்து பிளக்கில் கரண்ட், பிறகு பெட்ரோல். இரண்டையும் பார்க்காமல் காயில், பம்ப், சென்சார் என்று வரிசையாக வாங்கி மாட்டுவது பணத்துக்குப் பிடித்த கேடு. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், பூஜ்யமாகவே நின்றால் அந்தச் சுற்றை அளக்கும் கிராங்க் சென்சார் பக்கம் போங்கள். கப்ளர் விட்டிருக்கலாம், வயர் இழுபட்டிருக்கலாம், சில இன்ஜின்களில் பக்கத்துச் சென்சாரின் கப்ளரும் அதே மாதிரி இருப்பதால் இடம் மாறியிருக்கலாம். ஃபிளைவீலின் (கிராங்க் முனையில் இருக்கும் கனமான சக்கரம்) பல்லைப் பார்த்து வேலை செய்கிற சென்சார் என்றால், வேறு மாடல் ஃபிளைவீலைப் போட்டாலும் கதை முடிந்தது.

டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்துத் தரும் பாகம்) உள்ள பழைய வண்டியில் காற்று உறிஞ்சும் பக்கம் 'பட் பட்' என்று வெடித்தால் பெரும்பாலும் அதைத் தலைகீழாக, 180 டிகிரி மாற்றி உட்கார வைத்திருப்பீர்கள். பிஸ்டன் ஒரு சைக்கிளில் இரண்டு தடவை உச்சிக்கு வரும் என்பதால் புல்லியில் உள்ள குறியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ஒன்றாம் சிலிண்டர் பிளக் ஓட்டையில் விரலை வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றிக் காற்று தள்ளுகிறதா என்று பாருங்கள், தள்ளினால் அதுதான் சரியான உச்சி. பிளக் வயர் வரிசையையும் சரிபாருங்கள், பெரும்பாலான நாலு சிலிண்டர் இன்ஜின்களில் கரண்ட் போகும் வரிசை 1-3-4-2.

பெட்ரோல் பக்கம் அடிக்கடி நடப்பது டேங்கிலிருந்து வரும் லைனையும் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனையும் மாற்றி மாட்டுவது. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

பிடித்து ஓரிரு நொடியில் அணைந்து, டேஷ்போர்டில் சாவி விளக்கும் மின்னினால், அது பெரும்பாலும் இம்மொபிலைசர், தெரியாத சாவி என்றால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. இன்ஜினோடு வந்த ஈசிஎம்மையே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாட்டியிருப்பீர்கள், அதற்கு உங்கள் சாவியில் உள்ள சிப்பைத் தெரியாது. அதே வகை இன்ஜின் என்றால் உங்கள் பழைய ஈசிஎம்மையே திருப்பி மாட்டுங்கள். வேறு வகை என்றால் சாவியைப் பதிந்து தர ஆள் தேட வேண்டியதுதான்.