புளியங்கொட்டை வைத்துக் கிராப்ஸ் ஆட்டத்தின் கணக்கைக் கற்பது எப்படி?

சென்ற ஐப்பசி மழையின்போது கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன், ஓர் இணையச் சூதாட்டத் தளம் இலவசப் பயிற்சி என்று திறந்துவிட்டிருந்த மேசையில் கிராப்ஸ் ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு பகடைகளை உருட்டி, விழும் கூட்டுத்தொகையின்மேல் பந்தயம் வைக்கும் சூதாட்டம் அது. "மாமா, மூன்று நாளாக எனக்கு லாபம்தான். இனிப் பணம் கட்டி ஆடலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்ல முடிந்ததே தவிர, ஏன் வேண்டாம் என்று எண்களால் காட்ட எனக்கு அன்று தெரியவில்லை. அடுத்த இரண்டு வாரம், மாலை நேரங்களில் இரண்டு பகடைகளோடு உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பணம் வைத்து ஆடும் வழியை இதில் தேட வேண்டாம். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின்படி, அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டத்தை இணையத்தில் பணம் வைத்து ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. நமக்குத் தேவை இரண்டு பகடை, ஒரு நோட்டு, பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்க நூறு புளியங்கொட்டை, அவ்வளவுதான்.

முதல் படி: பொருள்கள்

லூடோ பெட்டியில் வரும் மழுங்கிய முனைப் பகடைகளை நான் விரும்புவதில்லை. முனை கூர்மையாக, ஒரே அளவில் உள்ள இரண்டைத் தேடி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால், உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த தண்ணீரில் பகடையை மிதக்கவிட்டுப் பல முறை சுழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே முகம் மேலே வந்து நின்றால் அந்தப் பகடையின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். எழுதுவதற்குப் பென்சில்தான் நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் பக்கம் நோட்டுத்தாள் ஈரம் இழுத்துக்கொள்வதால் மைப்பேனா எழுத்து ஊறிப் பரவிவிடுகிறது.

இரண்டாம் படி: 36 கட்டங்கள்

ஆறுக்கு ஆறாகக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் இரு பகடைகளின் கூட்டுத்தொகையை எழுதுங்கள். தாயக்கட்டை உருட்டியவர்களுக்கு இது புதிதல்ல. 0, 1, 2, 3 என்று முகங்களுள்ள இரண்டு கட்டைகளில் மொத்தம் 16 விதம் உண்டு; தாயம் விழ இரண்டே வழி இருக்க, மூன்று விழ நான்கு வழி இருக்கிறது. கிராப்ஸிலும் அதே நியாயம்தான். 36 விதங்களில் 7 விழ ஆறு வழி, 6க்கும் 8க்கும் தலா ஐந்து, 5க்கும் 9க்கும் நான்கு, 4க்கும் 10க்கும் மூன்று, 3க்கும் 11க்கும் இரண்டு, 2க்கும் 12க்கும் ஒன்று. இந்த வரியைப் பார்க்காமல் சொல்லும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: பாஸ் லைன்

எல்லாப் பந்தயங்களுக்கும் அடிப்படை பாஸ் லைன். சுற்றின் முதல் உருட்டலுக்குக் கம் அவுட் என்று பெயர். அதில் 7 அல்லது 11 விழுந்தால் வைத்த அளவுக்கு வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. மீதமுள்ள 4, 5, 6, 8, 9, 10 ஆகியவற்றில் எது விழுகிறதோ அதுவே அந்தச் சுற்றின் பாயின்ட் ஆகிறது. அதன்பின் பாயின்ட் மறுபடி விழுந்தால் வெற்றி, அதற்கு முன் 7 விழுந்தால் தோல்வி.

நான் சறுக்கிய இடம் இதுதான். பாயின்ட் அமைந்த பிறகும் 11 விழுந்தபோதெல்லாம் வெற்றி என்று குறித்து இரண்டு கொட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். முதல் மாலையில் நூறு கொட்டை நூற்றுப் பதினெட்டாக வளர்ந்ததைக் கண்டு, அக்கா மகன் சொன்னது சரிதானோ என்று கலங்கிவிட்டேன். உண்மையில் பாயின்ட் அமைந்த பிறகு இரண்டே எண்களுக்குத்தான் உயிர் உண்டு: ஒன்று பாயின்ட், மற்றொன்று 7. இடையில் 2, 3, 11, 12 எது விழுந்தாலும் பாஸ் லைனுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பகடையை மறுபடி உருட்ட வேண்டியதுதான். என் தவறான விதிப்படி கணக்கிட்டால் நூறு சுற்றில் ஏறத்தாழ 56 வெற்றி வருகிறது. ஒரே ஒரு விதியைத் தவறாகப் படித்தது, தோற்கும் ஆட்டத்தை ஜெயிக்கும் ஆட்டமாகக் காட்டிவிட்டது.

கம் அவுட்டில் காப்பாற்றும் 7, பாயின்ட் அமைந்ததும் கவிழ்ப்பதாக மாறுவதுதான் இந்த ஆட்டத்தின் நடு முடிச்சு. ஆகவே நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: இடப்பக்கம் கம் அவுட், வலப்பக்கம் பாயின்ட். வலப்பக்கத்துக்கு வந்ததும் பாயின்ட்டைப் பெரிதாக எழுதிச் சுற்றி வட்டம் போடுங்கள். இப்படி எழுதத் தொடங்கிய பிறகு எனக்கு அந்தப் பிழை மறுபடி வரவில்லை.

நான்காம் படி: 1,980 சுற்றுகளை மனக்கணக்காக ஆடுவது

பின்னம் இல்லாமல் வகுபடுவதற்காக 1,980 சுற்றுகளை எடுத்துக்கொள்வோம். கம் அவுட்டிலேயே 440 சுற்றில் வெற்றி, 220 சுற்றில் தோல்வி. பாயின்ட் 4 அல்லது 10 ஆக அமைவது 330 சுற்றுகள். பாயின்ட்டுக்கு மூன்று வழி, 7க்கு ஆறு வழி என்பதால் மூன்றில் ஒரு பங்காகிய 110 தேறும். 5 அல்லது 9 அமையும் 440இல் 176 தேறும். 6 அல்லது 8 அமையும் 550இல் 250 தேறும். கூட்டினால் வெற்றி 976, தோல்வி 1,004.

வித்தியாசம் 28. அதாவது வைக்கும் ஒவ்வொரு நூற்றுக்கும் சராசரியாக 1.41 போய்விடுகிறது. அக்கா மகனின் மூன்று நாள் லாபத்துக்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது: வெற்றி வாய்ப்பாகிய 49.29 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் உள்ள இடைவெளி சில நூறு சுற்றுகளில் கண்ணுக்குத் தெரியாது. அதுவரை லாபத்தில் இருப்பவர் தனக்குக் கை ராசி என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பைச் சில நாள் பகடை உருட்டித் திருத்த முடியாது, இந்தக் கூட்டலால்தான் திருத்த முடியும்.

ஐந்தாம் படி: மற்றப் பந்தயங்கள்

எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, இரண்டு போதும். பாயின்ட் அமைந்த பிறகு பாஸ் லைனுக்குப் பின்னால் கூடுதலாக வைப்பது ஆட்ஸ். 4, 10க்கு ஒன்றுக்கு இரண்டு, 5, 9க்கு இரண்டுக்கு மூன்று, 6, 8க்கு ஐந்துக்கு ஆறு என்று வழிகளின் விகிதத்துக்குச் சரியாகக் கொடுப்பதால் இதில் மட்டும் மேசைக்கு லாபம் இல்லை. ஆனால் பாஸ் லைனில் வைக்காமல் இதை வைக்க முடியாது. இழப்பின் விகிதம் குறைந்தாலும், நட்டமாகக்கூடிய தொகை பெருகிவிடுகிறது.

மற்றொன்று எனி செவன். அடுத்த உருட்டலில் 7 விழும் என்பது பந்தயம். விழுந்தால் ஒன்றுக்கு நான்கு. 36இல் ஆறு முறை 24 கிடைக்க, முப்பது முறை 30 போகிறது. நூற்றுக்கு 16.67 இழப்பு! பாஸ் லைன் சுற்று ஒன்று முடிய சராசரியாக மூன்றுக்கும் மேற்பட்ட உருட்டல்கள் ஆகின்றன, எனி செவனோ ஒவ்வோர் உருட்டலிலும் முடிந்து அடுத்ததை வைக்கச் சொல்கிறது. கொட்டையை வைத்து இரண்டையும் அருகருகே ஆடிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எனி செவன் குவியல் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துபோனது.

ஆறாம் படி: கணினியில் பத்தாயிரம் சுற்று

இதற்கு நான் லிப்ரே ஆபீஸ் கால்க் என்னும் விரிதாள் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மழையில் இணையம் போனாலும் அது வேலை செய்யும் என்பதால் இணைய விரிதாள்களைவிட அதுவே எனக்குப் பிடிக்கும். ஒன்று முதல் ஆறு வரை தற்செயல் எண் தரும் சார்பை இரண்டு தனிக் கட்டங்களில் எழுதி, மூன்றாவதில் கூட்டுங்கள். வேலையைச் சுருக்குவதாக நினைத்து 2 முதல் 12 வரை ஒரே எண்ணைக் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் 2 விழும் வாய்ப்பும் 7 விழும் வாய்ப்பும் ஒன்றாகி, பாஸ் லைன் வெற்றி 45.45 சதவீதம் என்று தவறாக வரும். இன்னொன்று, எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் பகடைகள் எல்லாம் மறுபடி உருளும். உருட்டியதும் நகலெடுத்து, மதிப்புகளாக மட்டும் ஒட்டிக்கொண்டு அதன்பிறகு எண்ணுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். டோன்ட் பாஸ் என்னும் பந்தயம் பாஸ் லைனுக்கு நேர் எதிர் என்றால் அதில் வைப்பவருக்கு லாபம் வர வேண்டுமே என்பது முதலாவது. வராது, ஏனென்றால் கம் அவுட்டில் 12 விழுந்தால் பாஸ் லைன்காரர் தோற்கிறார், டோன்ட் பாஸ்காரரோ வெல்வதில்லை, வைத்ததைத் திரும்பப் பெறுகிறார். 1,980இல் 55 முறை அப்படி நேர்வதால், வெற்றி 1,004 என்பது 949 ஆகக் குறைந்து, 976 தோல்விக்குக் கீழே போய்விடுகிறது.

இரண்டாவது, 3-3 என்று ஜோடியாக 6 விழ வேண்டிய ஹார்ட் பந்தயத்துக்கு ஒரு மேசையில் 9 என்றும் இன்னொன்றில் 10 என்றும் எழுதியிருப்பதைப் பற்றியது. ஆங்கிலத்தில் 9 டு 1 என்றால் வைத்தது போக ஒன்பது. 10 ஃபார் 1 என்றால் வைத்ததையும் சேர்த்துப் பத்து. கைக்கு வருவது இரண்டிலும் ஒன்றுதான். நோட்டில் எழுதும்போது, வைத்த கொட்டையை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மேற்கொண்டு வந்ததை மட்டும் குறியுங்கள்.