அகலத்திரையில் ஆளை எங்கே நிறுத்துவது?

செல்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுக்கும் காணொளி பெரும்பாலும் 16:9 விகிதத்தில் அமைகிறது. பழைய தொலைக்காட்சியின் 4:3 ஃபிரேமோடு ஒப்பிட்டால், அதே உயரத்துக்கு அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. மனித உடலோ நெடுக்கு வாக்கில் அமைந்தது. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் தலை முதல் கால் வரை தெரியும்படி, 6 அடி உயரம் அடங்குமாறு ஃபிரேம் வைத்தால், அதன் அகலம் 10 அடி 8 அங்குலம் ஆகிவிடும். அதில் அவருடைய தோள்கள் பிடிப்பது ஏறக்குறைய ஒன்றரை அடிதான். மீதி ஒன்பது அடியை என்ன செய்வது என்பதை முடிவு செய்த பிறகே பதிவைத் தொடங்க வேண்டும்.

அந்த ஒன்பது அடியில் காட்டத் தக்கது எதுவும் இல்லையென்றால், நெருங்கிச் செல்வதே நல்லது. தறிக்கூடத்தில் நெசவாளரை எடுக்கிறோம் என்றால் தறியே அந்த இடத்தை நிரப்பிவிடும். வெறுஞ்சுவருக்கு முன்னால் பேசுபவரை இடுப்புக்கு மேலோ மார்புக்கு மேலோ எடுப்பதுதான் பொருந்தும். ஃபிரேமின் விளிம்பு முழங்கால், முழங்கை, கழுத்து போன்ற மூட்டுகளில் வெட்டாமல், அவற்றுக்குச் சற்று மேலோ கீழோ விழட்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் முகத்தை ஃபிரேமின் நட்டநடுவில் வைத்து, தலைக்கு மேல் பாதித் திரையைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 1080 வரிகள் கொண்ட படத்தில் ஏறத்தாழ 360ஆவது வரியில், இருந்தால் இந்தக் குறை தீரும். குளோசப்பில் உச்சந்தலை வெட்டுப்படுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். மோவாய் மட்டும் வெட்டுப்படக் கூடாது.

பேசுபவர் திரையின் இடப்பக்கம் பார்க்கிறார் என்றால், அவரைத் திரையின் வலப்பக்கமாக உட்காரவைத்து, பார்வை செல்லும் திசையில் இடம் விடுங்கள். மாற்றி வைத்தால் அவர் சுவரில் முட்டிக்கொண்டு பேசுவதுபோல் தோன்றும்.

அகலத்திரையின் உண்மையான பயன் இருவர் பேசும்போதுதான் தெரியும். இருவரும் நேரில் உட்காரும் இயல்பான இடைவெளி, திரையில் நடுவே ஒரு பள்ளம்போல் தெரியும் என்பதால், அவர்களுக்கே சற்றுக் கூச்சமாக இருக்கும் அளவுக்கு நெருக்கி உட்காரவையுங்கள். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகத்தை எடுப்பதும் காலியிடத்தை நிரப்பும். ஆனால் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டால், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

கூட்டமாக இருப்பவர்களைக் கல்யாண மேடைப் புகைப்படம்போல் ஒரே வரிசையில் நிறுத்துவதைவிட, சிலரை முன்னும் சிலரைப் பின்னும் நிறுத்தினால் காட்சிக்கு ஆழம் கிடைக்கும். பரந்த காட்சியை அடக்கும் வைட் லென்ஸில் ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு அகன்று தெரியும். எனவே இடமிருந்தால் பின்னால் நகர்ந்து, ஜூம் செய்து எடுங்கள்.

அதே காணொளியைப் பின்னர் நெட்டுத் திரைக்கும் வெட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும்: 1920 பிக்சல் அகலத்தில் 9:16 வெட்டுக்குள் அடங்குவது சுமார் 607 பிக்சல் மட்டுமே. நெருங்கி உட்கார்ந்த இருவர்கூட அதற்குள் அடங்குவது கடினம் என்பதால், ஒவ்வொருவரையும் தனித்தனியாகவும் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.