ரூட்டரில் காடி வெட்டும்போது ஓரம் பிய்யாமல் இருக்க

மரத்தைக் குடையும் ரூட்டர் மெஷினில் 12 மி.மீ. ஆழத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், வேண்டுமானால் ஒரே ஓட்டத்தில் இறக்கவே இறக்காதீர்கள், 3 மி.மீ. வீதம் நான்கு ஓட்டமாக எடுத்தால் பிட்டும் (சுழன்று வெட்டும் முனை) சூடேறாது, மோட்டாரும் திணறாது. மர ரேகைக்குக் குறுக்கே வெட்டுவதென்றால், முதலில் கூரான கத்தியால் காடியின் இரண்டு ஓரத்திலும் அழுத்திக் கோடு கீறிவிட்டு, பிட் வெளியேறும் முனையில் ஒரு வேண்டாத கட்டையை நெருக்கி வைத்து கிளாம்ப் போட்டுவிடுங்கள், சிம்பு பிய்ந்தாலும் அந்தக் கட்டையோடு போய்விடும். அப்புறம் திசை, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை: மெஷினை உங்களிடமிருந்து முன்னால் தள்ளும்போது, பலகை மேல் கட்டிய வழிகாட்டிச் சட்டம் மெஷினுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். பிட் சுழலும் விசையே மெஷினைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வலப்பக்கம் வைத்தால் விலகி ஓடும், காடி கோணலாகும். பாதியில் நிறுத்தாதீர்கள், நின்ற இடம் கருகிவிடும்.