பெர்லினில் வசந்தம்: வெயிலை நம்பிச் செய்யும் தவறுகள்

மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, மாதக்கணக்கில் சாம்பல் பூத்துக் கிடந்த வானம் சட்டென்று நீலமாகிவிடும். எதிர்வீட்டுச் சுவரில் வெயில் பளீரென்று விழும். பெர்லினுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் அன்றே தடித்த கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். வெயிலடித்தால் சூடாக இருக்கும் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே மார்ச்சிலும் ஏப்ரலிலும் வெயில் வெளிச்சத்தைத்தான் தரும். மதியம் 18 டிகிரி காட்டிய அதே நாளில், இரவு ரயிலுக்குக் காத்து நிற்கும்போது 3 டிகிரியாக இறங்கியிருக்கும். ஏப்ரல் தன் இஷ்டப்படிதான் நடக்கும் என்று ஜெர்மானியர்களே பழமொழி வைத்திருக்கிறார்கள்.

என் கறிவேப்பிலைச் செடி இந்தத் தப்புக் கணக்கில்தான் அடிபட்டது. குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் காப்பாற்றிய செடி. ஏப்ரல் நடுவில் நான்கு நாள் நல்ல வெயில் அடித்ததும் தொட்டியோடு பால்கனியில் வைத்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் உறைபனி. வெந்நீரில் முக்கிய கீரை போல இலைகள் கருத்துத் தொங்கின. விரல் பட்டதும் உதிர்ந்தன. பிறகுதான் பக்கத்து வீட்டுப் பாட்டி ‘ஐஸ்ஹைலிகே’ பற்றிச் சொன்னார். மே 11 முதல் 15 வரை வரும் புனிதர்களின் நாட்களுக்கு அந்தப் பெயர். பனிப் புனிதர்கள் என்று பொருள். கடைசி நாளான ‘குளிர் சோஃபி’ கழியும்வரை தக்காளியையோ மிளகாயையோ யாரும் வெளியில் நடுவதில்லை. கறிவேப்பிலைக்கும் அதுவே விதி. அதன் பிறகும் நேராக வெயிலில் வைக்காமல், ஒரு வாரம் நிழலில் பழக்குங்கள். இலை கொட்டிய செடியை உடனே தூக்கி எறியவும் வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. என் செடி ஜூனில் துளிர்த்தது.

வெயிலைக் கண்டதும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பால்கனியில் காயப்போடுவது நம் கைப்பழக்கம். ஏப்ரலில் அதை நிறுத்திவையுங்கள். அது பிர்ச் மரங்களின் மகரந்தக் காலம். காற்றில் பறக்கும் தூள் ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் மூக்கருகே இருக்கும். இந்த மகரந்த ஒவ்வாமை, பெர்லினுக்கு வந்த முதல் வருடமே தொடங்க வேண்டும் என்பதில்லை. நான்கைந்து வசந்தங்கள் நலமாகக் கழித்தவர்களுக்கும் பிறகு தொடங்கலாம். என் மனைவி இதைச் சளி என்று நினைத்து இரண்டு ஆண்டுகள் மிளகுக் கஷாயம் குடித்தே காலம் தள்ளினார். சளி பத்து நாளில் அடங்கிவிடும். கண் அரித்து, தும்மல் வாரக்கணக்கில் நீண்டு, ஆப்பிள் கடித்ததும் உதடும் தொண்டையும் நமைத்தால் மகரந்தத்தைச் சந்தேகியுங்கள். டாக்டரிடம் சென்று சோதித்துக்கொள்ளுங்கள். தூங்கும் முன் தலையை அலசிக்கொண்டால் எவ்வளவோ நிம்மதி.

ஈஸ்டருக்கு முன் பால், தயிர் வாங்க மறந்து தவிப்பது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும். புனித வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடைகள் மூடியிருக்கும். இடையில் சனிக்கிழமை மட்டும் திறக்கும், கூட்டம் நெரியும். வியாழக்கிழமையே வாங்கிவிடுவது நல்லது. அவசரமென்றால் மத்திய ரயில் நிலையக் கடைகள் இருக்கின்றன. மார்ச் 8, மகளிர் தினமும் பெர்லினில் 2019 முதல் அரசு விடுமுறை.

கோடைக்கால நேரத்துக்காக, மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள்; 2 மணி, 3 மணியாகிவிடும். போன் தானே மாறிக்கொள்ளும்; சுவர்க் கடிகாரம் மாறாது. அன்றிலிருந்து ஊருக்கும் நமக்கும் இடையே நாலரை மணி நேரமல்ல, மூன்றரைதான். அம்மா தூங்குவதற்குள் பேச ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது.

இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. பூண்டு மணக்கும் காட்டுக்கீரை ‘பேர்லாவுக்’ இந்தக் காலத்தில்தான் முளைக்கும். துவையலுக்கு அருமையானது. ஆனால் ‘மைக்லோக்ஷென்’ என்ற நச்சுச் செடியின் இலையும் பார்க்க அதைப் போலவே இருக்கும். பேர்லாவுக்கில் ஒவ்வொரு இலையும் தனிக்காம்போடு மண்ணிலிருந்து எழும். நச்சுச் செடியில் ஒரே தண்டிலிருந்து இரண்டு இலைகள் வரும். முகர்ந்து பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். முதல் நான்கு இலைகளைக் கசக்கியதுமே கை முழுக்கப் பூண்டு வாசனை ஏறிவிடும், அப்புறம் எந்த இலையும் பூண்டாகத்தான் மணக்கும். சந்தேகம் இருந்தால் கடையில் வாங்குங்கள். புல்லில் உட்கார்ந்து வந்தால் குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதோரம் எங்கும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணெய் ஊற்றாமல், சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து மெதுவாக இழுத்தெடுங்கள்.

இத்தனைக்கும் பயந்து வீட்டுக்குள் இருந்துவிடுவதும் தவறுதான். கிழக்கு, மேற்கு பெர்லினுக்கு இடையிலான எல்லை 1989 நவம்பர் 9 இரவு முதலில் திறந்த போர்ன்ஹோல்மர் பாலத்தருகே, பழைய பெர்லின் சுவரின் தடத்தில், ஜப்பானியர்களின் நன்கொடையில் நட்ட செர்ரி மரங்கள் ஏப்ரல் பின்பகுதியில் பூக்கும். வார இறுதியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் ஒரே மழையில் எல்லாம் உதிர்ந்துவிடும். வேலை முடிந்து ஆறு மணிக்குப் போனாலும் இரண்டு மணி நேர வெளிச்சம் மிச்சமிருக்கும். கோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.