ஏ1 மாடலை ஏ3 ஆக்குவது: ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் 60103

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் பிரிட்டனின் புகழ்பெற்ற நீராவி ரயில் எஞ்சின்; ஏ1, ஏ3 என்பவை எஞ்சின் வகைகள். ஓஓ அளவில் (1:76 மாடல் ரயில் அளவு) கிடைக்கும் அதன் ஏ1 மாடலை ஏ3 ஆக மாற்றுவதென்றால், ரம்பத்தைத் தொடும் முன் எந்த ஆண்டின் எஞ்சின் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது கைப்பிசகால் அல்ல, ஆண்டுக் குழப்பத்தால்.

1923-ல் டான்காஸ்டரில் ஏ1 ஆகக் கட்டப்பட்ட எஞ்சின் 1947 ஜனவரியில்தான் ஏ3 ஆனது. அதற்குள் 4472 என்ற எண் போய் 103 வந்துவிட்டது. 1948 கடைசியில் அது 60103. எனவே எல்.என்.இ.ஆர். (1948-க்கு முன் அதை ஓட்டிய ரயில் நிறுவனம்) காலத்தில் 4472 எண்ணோடு ஏ3 பாய்லர் ஓடியதே கிடையாது. அந்தச் சேர்க்கை 1963-க்குப் பின், தனியார் கைக்குப் போன பிறகு வந்தது. இரட்டைச் சிம்னி 1959 ஜனவரி, புகைத் தடுப்புத் தகடுகள் 1961 டிசம்பர், பணி ஓய்வு 1963 ஜனவரி. முதல் முயற்சிக்கு 1959–61 தோற்றம் நல்லது: அடர்பச்சை வண்ணம், இரட்டைச் சிம்னி, தகடுகள் இல்லை.

தேவை: பேன்ஜோ டோம் (பாய்லர் மேல் இருக்கும் நீராவிக் குமிழின் நீண்ட வடிவம்; ஏ1-ல் இருப்பது வட்ட டோம்), இரட்டைச் சிம்னி (வார்ப்பு அல்லது ரெசின்), 0.25 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட், ஊசி அரம், மெல்லிய பல் ரம்பம், இடைவெளி நிரப்பும் பட்டி, 400 முதல் 1200 வரை வாட்டர் பேப்பர், அரால்டைட், எண் டிரான்ஸ்ஃபர் (நீரில் நனைத்து ஒட்டும் படம்).

அடித் திருகைக் கழற்றி மேல்பகுதியை அடிச்சட்டத்திலிருந்து பிரியுங்கள். பாய்லருக்குள் உலோக எடைக்கட்டி இருந்தால் அதையும் வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிம்னிக்குத் துளையிடும்போது டிரில் முனை அதில் மோதி ஒடியும்.

பழைய வட்ட டோமை அடியோடு அறுக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் மிச்சம் விட்டு அறுத்து, அரத்தால் பாய்லரின் வளைவுக்கு இறக்குங்கள். மோட்டார் வெட்டுச்சக்கரம் வேண்டவே வேண்டாம்: சூட்டில் பிளாஸ்டிக் உருகி விளிம்பில் திரளும், அதைச் சரிசெய்ய வெட்டிய நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆகும். அரம் போடும்போது பக்கத்துப் பாய்லர் பட்டை தேய்ந்தால், வண்ணம் அடித்தபின் அந்த இடத்தில் மெல்லிய கோட்டு டிரான்ஸ்ஃபரை ஒட்டிக்கொள்ளலாம்.

பேன்ஜோ டோம் நீளமானது, பின்புறம் சரிந்து இறங்குவது. அடியில் இடைவெளி தெரிந்தால் மொத்த வேலையும் பொம்மைபோல ஆகிவிடும். பாய்லர் மேல் வாட்டர் பேப்பரை முகம் மேலாக வைத்து, டோமை அதன்மேல் முன்னும் பின்னும் தேய்த்தால் அடிப்பாகம் தானாகவே வளைவுக்குப் பொருந்தும். ஒட்டுவதற்கு அரால்டைட்தான் சரி. ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி சுற்றுப்புறத்தில் வெண்படலமாகப் படியும். கோணலாக ஒட்டினாலும் திருத்த அவகாசம் தராது.

பலரும் விட்டுவிடுவது புகைப்பெட்டியின் (பாய்லரின் முன்முனைப் பகுதி) இரு பக்கமும் மேலே இருக்கும் செவ்வக மூடிகளைத்தான். நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டரின் குழாய்த் தொகுதிகள் 32-லிருந்து 43 ஆனபோது அதன் தலைப்பெட்டி புகைப்பெட்டியைவிட அகலமாகிவிட்டது. துருத்திய முனைகளை மறைக்க வந்தவை இவை. ஏ3-க்கு டோமைவிட நம்பகமான அடையாளம் இதுவே, ஏனெனில் 1920-களின் ஏ3-கள் வட்ட டோமோடுதான் ஓடின. அளவை வரைபடத்திலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி, ஓரங்களை லேசாக மழுக்கி ஒட்டுங்கள். இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முன்னாலிருந்து பாருங்கள்.

சிலிண்டரைத் தொட வேண்டாம். விட்டம் 20 அங்குலத்திலிருந்து 19 ஆனது உண்மை; மாடலில் அது 0.33 மி.மீ. யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. டெண்டர் (நிலக்கரியும் நீரும் ஏற்றும் பின்வண்டி) அப்படி அல்ல. பழைய மாடலோடு வரும் கம்பித் தடுப்பு வைத்த டெண்டரோ, ஆட்கள் கடந்துபோக உள்ளே நடைபாதை உள்ள டெண்டரோ 60103-க்குப் பொருந்தாது. உயர்ந்த பக்கங்களோடு நடைபாதை இல்லாததை வாங்குங்கள்.

வண்ணத்துக்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் காயவிட்டு பிரைமர் அடியுங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் பச்சை அடித்தால் திட்டுத் தெரியும். வண்ணக் குப்பியின் நிறம் தொழிற்சாலை நிறத்தோடு ஒத்துப்போவது அபூர்வம். பாய்லர், கேப், டெண்டர் மூன்றையும் ஒரே குப்பி வண்ணத்தில் அடித்துவிடுவது மேல். டிரான்ஸ்ஃபர் ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி நிறம் தட்டும். எண் காய்ந்தபின் மேலே சாட்டின் வார்னிஷ் ஒரு பூச்சு போதும்.