வெள்ளவத்தை வீட்டில் அறுந்து அறுந்து வந்த வைஃபை

இரவு 7 மணியானால் எங்கள் தொடர்மாடி வீட்டில் மகளின் இணைய வகுப்பு அறுந்து அறுந்து வரும். பிள்ளை அழுதேவிட்டாள். முதலில் இணைப்புத் தரும் நிறுவனத்தைத்தான் சந்தேகித்தேன்.

சரி, பார்ப்போம் என்று ரூட்டருக்கே பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பினேன். கேபிளில் 1 மில்லிசெக்கன். வைஃபையில் 4, 9, திடீரென்று 380. கோளாறு வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேதான்.

கைபேசிச் செயலியில் பார்த்தால் அக்கம்பக்கத்து வைஃபைகள் முப்பதுக்கு மேல். என் அக்சஸ் பாயின்ட் (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதன் உட்பிரிவான சேனல்களில் 3இல், 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நின்றது. ஒன்றில் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே, அதுவும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில். ஒரே சேனலில் இருப்பவை முறை வைத்தாவது பேசும். இடையில் நின்றால் இரண்டு பக்கமும் இரைச்சல்தான். அகலத்தை 20 ஆக்கி, நெரிசல் குறைந்த 11க்கு மாற்றினேன்.

மகளின் மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸில் விட்டேன். கொங்கிரீட் சுவர் அந்த அலையைச் சீக்கிரம் விழுங்கிவிடும். அதனால் டிவிக்குப் பின்னால் கிடந்த அக்சஸ் பாயின்ட்டை, அவள் அறை வாசலுக்கு நேரே அலுமாரி மேல் வைத்தேன்.

இப்போது பிங் 3க்கும் 8க்கும் இடையில். நேற்று வகுப்பு ஒருதடவைகூட அறவில்லை.