உலகச் சமயங்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

சமயங்களை அறிமுகப்படுத்தும் பாடநூல்களில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். நிறுவனர், புனித நூல், கடவுள், வழிபாட்டிடம் என்று நான்கு கட்டங்கள். சமயத்துக்கு ஒரு வரி. தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் பிற்பாடு நாம் செய்யும் தவறுகளில் பாதி அங்கேதான் முளைக்கின்றன.

கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் அந்தக் கட்டங்கள் ஓரளவு பொருந்தும். இந்து சமயத்தின் நிறுவனர் கட்டத்தில் எழுத ஒரு பெயர் கிடையாது. சமணத்துக்கு மகாவீரர் என்று எழுதிவிடுகிறார்கள். சமணர்களுக்கோ அவர் 24ஆம் தீர்த்தங்கரர், அதாவது விடுதலைக்கு வழிகாட்டும் ஞானிகளின் நெடிய வரிசையில் கடைசியாக வந்தவர். பௌத்தத்துக்குக் கடவுள் 'இல்லை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உலகைப் படைத்த ஒருவனைப் பௌத்தம் ஏற்பதில்லை என்பது சரி. ஆனால் ஞானம் பெற்ற புத்தரிடம், உலகுக்கு உபதேசிக்க வேண்டும் என்று வந்து கேட்டுக்கொள்பவரே ஒரு பிரம்மாதான் என்கின்றன பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்கள். தேவர்கள் உண்டு, அவர்களும் பிறந்து இறப்பவர்கள், அவர்களால் யாருக்கும் விடுதலை தர முடியாது. இதையெல்லாம் ஒரே சொல்லில் அடைக்க முடியுமா?

சீக்கியத்தில் கோளாறு இன்னும் நுட்பமானது. புனித நூல் கட்டத்தில் குரு கிரந்த் சாகிப் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் தமக்குப் பின் மனித குரு கிடையாது, கிரந்தமே குரு என்று பத்தாம் குருவான கோவிந்த் சிங் 1708இல் அறிவித்துவிட்டார். சீக்கியரின் வழிபாட்டிடமான குருத்வாராவில் விடியும் முன்பே கிரந்தத்தைத் தலைமேல் சுமந்துவந்து, விதானத்தின் கீழே மெத்தைமேல் வைத்துத் திறக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் சாமரம் வீசுகிறார். இரவில் துணி போர்த்தி ஓய்வறைக்கு எடுத்துச் செல்கிறார்கள். நூலுக்குக் காட்டும் பணிவு என்று மட்டும் இதைப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. வீற்றிருக்கும் குருவுக்குச் செய்யும் மரியாதை அது. சீக்கியத்தை இந்து, இஸ்லாம் இரண்டின் கலவை என்று சொல்பவர்கள் கோட்டைவிடுவதும் இதைத்தான்.

அடுத்த தவறு, 'நீங்கள் எதை நம்புகிறீர்கள்?' என்பதையே எல்லாரிடமும் முதல் கேள்வியாகக் கேட்பது. நம்பிக்கை அறிக்கையை முன்வைத்தே வளர்ந்த கிறிஸ்தவத்திடம் அது நல்ல கேள்வி. 325இல் நைசீயாவில் ஆயர்கள் கூடி அறிக்கை வகுத்த சமயம் அது. யூதர்களிடம் 'என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டால்தான் வாசல் திறக்கும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும்வரை ஓய்வுநாள். அன்று செய்யக்கூடாத வேலைகளை 39 வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தீ மூட்டுவது அதில் ஒன்று. அதனால் விளக்கை முன்கூட்டியே ஏற்றிவிடுவார்கள். மரபு வழுவாதவர்கள் மின் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்கள். பொத்தானை அழுத்த வேண்டாதபடி ஒவ்வொரு மாடியிலும் தானாக நிற்கும் லிப்ட்கள் இதற்காகவே இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தடை விலகிவிடும். அப்போது தடையை மீறுவதுதான் கடமை. பைபிளின் பழைய ஏற்பாட்டைப் படித்துவிட்டு யூத சமயம் தெரிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இவற்றில் பல எட்டுவதே இல்லை. ரபிகள் எனப்படும் யூத சமய அறிஞர்களின் விவாதங்கள் நிறைந்த தால்முத் நூலில்தான் இவை விரிகின்றன.

சமயத்தை ஓர் இனத்தோடு முடிச்சுப் போடுவதும் வழக்கமான சறுக்கல். முஸ்லிம் என்றதும் அரபியரை நினைக்கிறோம். உலகில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடு இந்தோனேசியா. ஈரானியர்களிலும் துருக்கியர்களிலும் பெரும்பாலோர் அரபியர் அல்லர். ரமலான் நோன்புகூட ஊருக்கு ஊர் வேறு அனுபவம். பிறைக் கணக்கில் அந்த மாதம் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே நகர்கிறது. நிலநடுக்கோட்டருகே நோன்பு எப்போதும் ஏறத்தாழ 13, 14 மணி நேரம்தான். வட ஐரோப்பாவில் அது கோடையில் வந்தால் 18 மணி நேரத்தையும் தாண்டும், குளிர்காலத்தில் பாதியாகச் சுருங்கும்.

ஒரு சமயத்துக்குள் ஒரே குரல்தான் என்று எண்ணுவதும் இதே ரகம். பைபிளில் எத்தனை நூல்கள் என்று கேட்டால் புரொட்டஸ்டன்ட்கள் 66 என்பார்கள், கத்தோலிக்கர்கள் 73 என்பார்கள், எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையின் பட்டியல் இன்னும் நீளம். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ரஷ்ய சபைக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. தொந்தியும் சிரிப்புமாக விற்கப்படும் 'சிரிக்கும் புத்தர்' கௌதமரே அல்லர். புடாய் என்ற சீனத் துறவி.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம் ஒன்று உண்டு. நம் சமயத்தை அதன் நூல்களில் உள்ள உயர்ந்த வரிகளால் அளப்பது, அடுத்தவர் சமயத்தை அதைச் சேர்ந்த மோசமான ஆட்களின் நடத்தையால் அளப்பது. படித்தவர்களும் இதைக் கூசாமல் செய்கிறார்கள். நூலோடு நூலை ஒப்பிடலாம், நடத்தையோடு நடத்தையை ஒப்பிடலாம். குறுக்கே மாற்றினால் எந்தச் சமயமும் தோற்றுத்தான் போகும்.

கடைசியாக, ஒருவருக்கு ஒரு சமயம்தான் இருக்க முடியும் என்ற கணக்கு. ஜப்பானில் குழந்தை பிறந்தால் அந்நாட்டின் பழைய சமயமான ஷிண்டோவின் ஆலயத்துக்குத் தூக்கிச் செல்கிறார்கள். இறுதிச் சடங்கைப் பெரும்பாலும் பௌத்த பிக்குவைக் கொண்டு நடத்துகிறார்கள். சமய அமைப்புகள் தரும் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையையே மிஞ்சுகிறது. அதே மக்களிடம் நேரில் கேட்டால், தமக்குச் சமயம் எதுவும் இல்லை என்று சொல்பவர்களே அதிகம்.